கார்பனேட் தேக்கப் பாறையை மதிப்பிடுவது எப்படி: எண்களுக்கு முன் கல்லைப் பாருங்கள்

எண்ணெய் தேங்கியிருக்கும் பாறையிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த இரண்டு கோர் துண்டுகள் மேசை மேல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அங்குல விட்டம், விரல் நீளம். இரண்டும் ஒரே கிணற்றில் ஓரடி இடைவெளியில் எடுத்தவை. இரண்டுமே வெளிர்சாம்பல் சுண்ணாம்புக்கல். ஆய்வகம் அளந்து கொடுத்த போரோசிட்டி இரண்டுக்கும் 20 சதவீதம், அதாவது கல்லில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். ஆனால் திரவம் எவ்வளவு எளிதாக ஓடும் என்று சொல்லும் பெர்மியபிலிட்டி, ஒன்றில் 0.5 மில்லிடார்சி, மற்றதில் 400. எண்ணூறு மடங்கு வித்தியாசம்.

மணற்பாறையில் வேலை பழகியவர்களுக்கு இதைப் பார்த்ததும் அளவில் ஏதோ பிழை என்றுதான் தோன்றும். பிழை இல்லை. முதல் கல்லில் வெற்றிடம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாகச் சிதறிக் கிடக்கிறது. இரண்டாவதில் அதே அளவு வெற்றிடம் கல்லின் மணிகளுக்கு (துகள்களுக்கு) இடையே ஒன்றோடொன்று திறந்து நிற்கிறது. கார்பனேட்டில் (சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற பாறைகளில்) எவ்வளவு துளை இருக்கிறது என்ற கேள்வியோடு, அந்தத் துளைகள் எப்படிப்பட்டவை, எப்படி இணைந்திருக்கின்றன என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் போடும் கணக்கு எதுவும் நிற்காது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குப் பதில் தேடும் வழிகள்தான்.

இந்தப் பாறைகளை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் படிக்க வேண்டும்? உலகின் மிகப் பெரிய வழக்கமான எண்ணெய் வயலான சவூதி அரேபியாவின் கவார் (1948இல் கண்டுபிடிக்கப்பட்டது) ஜுராசிக் காலக் கார்பனேட்டில் இருக்கிறது. 1974இல் கண்டுபிடித்த மும்பை ஹை, மயோசின் காலச் சுண்ணாம்புக்கல். வட கடலின் எகோஃபிஸ்க் சாக் (மென்மையான வெண்சுண்ணாம்பு) பாறை. ஈராக்கின் கிர்குக், கஜகஸ்தானின் தெங்கிஸ் இரண்டும் கார்பனேட்தான்.

படி 1: கல் பிறந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

மணல் எங்கோ ஒரு மலையில் உடைந்து, ஆற்றோடு வந்து படிவது. கார்பனேட் பெரும்பாலும் அந்தந்த இடத்திலேயே உண்டாவது. சிப்பி, பவளம், பாசி, நுண்ணுயிர்களின் கூடு இவைதான் அதன் மூலப்பொருள். அதனால் அந்தக் கடல் எவ்வளவு ஆழமாக இருந்தது, அலை அடித்ததா, நீர் தேங்கி நின்றதா என்பதெல்லாம் கல்லிலேயே பதிந்திருக்கும். அலை அடித்த இடத்தில் சேறு அலசிப் போய் மணிகள் மட்டும் தங்கும். அமைதியான கழியில் சுண்ணச் சேறு படியும்.

இதைக் குறித்து வைக்கப் புவியியலாளர் டன்ஹாம் 1962இல் தந்த வகைப்பாடு இன்றும் போதும். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: மணிகள் சேற்றில் மிதக்கின்றனவா, ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா? மணிகள் 10 சதவீதத்துக்கும் குறைவு, மற்றதெல்லாம் சேறு என்றால் மட்ஸ்டோன். அதைவிட அதிக மணிகள், ஆனால் இன்னும் சேற்றில் மிதக்கின்றன என்றால் வேக்ஸ்டோன். மணிகள் தாங்கி நிற்க, இடையில் சேறு இருந்தால் பேக்ஸ்டோன். சேறே இல்லையென்றால் கிரெய்ன்ஸ்டோன். பவளம் போல உயிர்கள் பிணைத்துக் கட்டியது பவுண்ட்ஸ்டோன்.

ஆனால் பிறப்போடு கதை முடியாது. கார்பனேட் எளிதில் கரையும், எளிதில் மீண்டும் படியும். கடல்மட்டம் இறங்கி மழைநீர் பட்டால் சிப்பிகள் கரைந்து குழிகளாகும். பிறகு அந்தக் குழிகளிலேயே சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் படிந்து அடைத்துவிடலாம். மக்னீசியம் நிறைந்த நீர் ஊடுருவினால் சுண்ணாம்புக்கல் டோலமைட்டாக மாறும். அருமையான கிரெய்ன்ஸ்டோன் சிமென்ட் (துளைகளில் படிந்த கனிமம்) அடைத்து உதவாமல் போவதும், ஒன்றுக்கும் ஆகாத மட்ஸ்டோன் டோலமைட்டாகி நல்ல தேக்கப் பாறையாவதும் சகஜம். ஆகவே டன்ஹாம் பெயரை எழுதியதும் பக்கத்திலேயே அந்தக் கல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

படி 2: கட்டிங்ஸையும் (துளையிடும்போது மேலே வரும் கல்துணுக்குகள்) கோரையும் நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள்

லாக் (கிணற்றில் கருவி இறக்கி ஆழத்துக்கு ஆழம் எடுத்த அளவீடு) கோப்புகளைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு கைலென்ஸ், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சிறு குப்பி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. அமிலத்துளி பட்டதும் சுண்ணாம்புக்கல் சுர்ரென்று பொங்கும். டோலமைட் அப்படிப் பொங்காது. அதைப் பொடியாகச் சுரண்டி அதன்மேல் துளியை விட்டு, காதருகே வைத்துக் கேட்டால் மெல்ல நுரைப்பது கேட்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பதால் இந்தச் சின்னச் சோதனை பின்னால் வரும் பல குழப்பங்களைத் தடுக்கும். ஆய்வகத்தில் அலிசரின் ரெட் சாயம் போட்டால் கால்சைட் சிவக்கும், டோலமைட் நிறம் மாறாது.

கோரில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, வராத கோர். 60 அடி வெட்டி 51 அடிதான் மேலே வந்தது என்றால், அந்த 9 அடி எங்கே போனது என்று கேளுங்கள். பெரிய பொந்துகளும் விரிசல்களும் உள்ள பகுதிதான் நொறுங்கித் தொலையும். பல நேரங்களில் கிணற்றின் மிகச் சிறந்த பாறை அதுவாகவே இருக்கும். இரண்டாவது, சிறு துண்டு எடுத்த இடம். துண்டு எடுக்கும் கருவி, நொறுங்காத கெட்டியான பகுதியில்தான் நன்றாக இறங்கும். அதனால் துண்டுகளின் அளவீடு கெட்டிப் பகுதியின் பக்கமே சாயும். பொந்து நிறைந்த பகுதிக்கு முழுவிட்டக் கோரையே அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, துளையிட்டவர்களின் தினசரி அறிக்கை. எந்த ஆழத்தில் மட் (துளையிடும்போது கிணற்றில் சுற்றும் சேற்றுத் திரவம்) தொலைந்தது, எங்கே பிட் (துளையிடும் முனை) சடாரென்று இறங்கியது என்று அதில் இருக்கும். கோர் இல்லாத இடத்தில் விரிசலுக்கும் குகைக்கும் அதுதான் முதல் சாட்சி.

படி 3: துளையின் வகையைத் தீர்மானியுங்கள்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நீல நிற எப்பாக்ஸி ஏற்றிய மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் நீலமாகத் தெரிவதெல்லாம் துளை. முதல் பார்வையில் நீலம் எவ்வளவு என்று எண்ணத் தோன்றும். அதை விட்டுவிட்டு ஒரு நீலப் புள்ளியிலிருந்து அடுத்த நீலப் புள்ளிக்கு வழி இருக்கிறதா என்று கண்ணால் தேடிப் போங்கள்.

மணிகளுக்கு இடையே நீலம் வலை போல ஓடினால் நல்லது. அங்கே போரோசிட்டி கூடினால் பெர்மியபிலிட்டியும் கூடும். டோலமைட் படிகங்களுக்கு இடையே ஓடினாலும் அப்படியே; படிகம் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வட்ட வட்டமாக, தனித்தனியாக நீலம் தெரிந்து, வட்டங்களுக்கு இடையே வெள்ளைக் கால்சைட் அடைத்திருந்தால் அவை கரைந்துபோன மணிகளின் அச்சுக்குழிகள். போரோசிட்டி 25 சதவீதம் வரலாம், ஆனால் எண்ணெய் நகர வழி கிடையாது. நீலம் தனித்தனியாகத் தெரியாமல் கல் முழுவதும் மங்கலாக நீலம் பூத்தாற்போல் இருந்தால் அது நுண்துளை. அதில் பெரும்பகுதி நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

சோக்கெட், பிரே இருவரும் 1970இல் தந்த வகைப்பாடு துளை எப்படி உண்டானது என்று சொல்லும். லூசியாவின் வகைப்பாடு துளைகள் இணைந்திருக்கின்றனவா என்பதை முன்னிறுத்தும். வரலாறு எழுத முதலாவது, கணக்குப் போட இரண்டாவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். லூசியா பொந்துகளையே இரண்டாகப் பிரிக்கிறார்: மணிகளுக்கு இடையிலுள்ள துளைகள் வழியாக மட்டுமே தொடர்புள்ள தனிப் பொந்துகள், ஒன்றையொன்று நேரடியாகத் தொடும் பொந்துகள். லாக் விளக்கத்தில் இந்தப் பிரிவு எவ்வளவு உதவும் என்று படி 5இல் தெரியும்.

படி 4: லாக்கில் முதலில் கல்லின் வகை, பிறகுதான் போரோசிட்டி

பாறையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டி லாக் ஓரிடத்தில் 2.45 (கிராம்/கன செ.மீ.) காட்டுகிறது என்று வையுங்கள். திரவத்தின் அடர்த்தி 1.0. கல் சுண்ணாம்புக்கல் என்றால் அதன் கெட்டி அடர்த்தி 2.71, போரோசிட்டி 15 சதவீதம் வருகிறது. டோலமைட் என்றால் 2.87; போரோசிட்டி 22 சதவீதத்துக்கு மேல் போகிறது. மணற்பாறை என்று நினைத்து 2.65 போட்டிருந்தால் 12தான். ஒரே அளவீடு, மூன்று விடைகள். அதனால்தான் கல்லின் வகையை முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன்.

வகையை அறிய நியூட்ரான் லாக்கையும் (ஹைட்ரஜனை உணர்ந்து போரோசிட்டி சொல்வது) டென்சிட்டி லாக்கையும் சுண்ணாம்புக்கல் அளவுகோலில் சேர்த்துப் போடுங்கள். நீர் நிறைந்த தூய சுண்ணாம்புக்கல்லில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியும். டோலமைட்டில் நியூட்ரான் கூடுதலாகவும் டென்சிட்டி போரோசிட்டி குறைவாகவும் காட்டி விலகும். வாயு இருந்தால் எதிர்ப்பக்கம் விலகும். டோலமைட்டில் வாயு இருந்தால் இரண்டு விளைவும் ஒன்றையொன்று ஈடுகட்டி, வெறும் சுண்ணாம்புக்கல் போலவே கோடுகள் படிந்துவிடக்கூடும். ஒளிமின் உறிஞ்சல் எண்ணையும் கூடவே பாருங்கள்: கால்சைட் சுமார் 5.1, டோலமைட் 3.1, குவார்ட்ஸ் 1.8. அன்ஹைட்ரைட்டும் 5.1 காட்டும், ஆனால் அடர்த்தி 2.98 என்பதால் பிடிபட்டுவிடும். மட்டில் பேரைட் (எடை கூட்டச் சேர்க்கும் கனிமம்) நிறைய இருந்தால் இந்த எண்ணை நம்பாதீர்கள்.

காமா ரே (பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கும் லாக்) பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மணற்பாறையில் காமா ரே கூடினால் களிப்பாறை என்று கை தானாக எழுதிவிடும். கார்பனேட்டில் யுரேனியம் தனியாகச் சேர்ந்துவிடுவது உண்டு; டோலமைட்டிலும் விரிசல் ஓரங்களிலும் இதைப் பார்க்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிணற்றில் 18 அடியைக் களிப்பாறை என்று அடித்துவிட்டேன். காமா ரே உயர்ந்திருந்தது, நியூட்ரானும் டென்சிட்டியும் விலகியிருந்தன, ஒளிமின் எண் 3. எல்லாமே களிக்குப் பொருந்தியது. மூத்தவர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் அந்த ஆழத்துக் கட்டிங்ஸ் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். பழுப்புச் சர்க்கரை போல மின்னும் டோலமைட் படிகங்கள், நடுநடுவே எண்ணெய்க் கறை. காமா ரேயைப் பிரித்துப் பார்த்தால் தோரியமும் பொட்டாசியமும் கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் யுரேனியம். அன்றிலிருந்து கட்டிங்ஸ் விவரிப்பைப் பக்கத்தில் வைக்காமல் ஒரு ஆழப் பகுதியைக்கூட நான் ஒதுக்கியதில்லை.

சோனிக் லாக்குக்கு இங்கே வேறொரு பயன் உண்டு. ஒலி, தனிப் பொந்துகளைச் சுற்றிக் கெட்டிப் பாறை வழியாகவே ஓடிவிடும். அதனால் சோனிக் சொல்லும் போரோசிட்டி, நியூட்ரான்-டென்சிட்டி சொல்வதைவிடக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் ஏறக்குறைய தனிப் பொந்துகளின் அளவு. இந்த ஒப்பீட்டைக் கோர் இருக்கும் கிணற்றில் சரிபார்த்துவிட்டு, கோர் இல்லாத கிணறுகளுக்குக் கொண்டுபோகலாம்.

என்எம்ஆர் லாக் (துளைத் திரவத்தின் காந்தக் குறி எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று அளப்பது) இருந்தால் நுண்துளையைப் பிரித்தறிய உதவும். நகரும் திரவத்துக்கான எல்லை மணற்பாறையில் 33 மில்லிவினாடி, கார்பனேட்டில் வழக்கமாக 92 என்று எடுப்பார்கள். மென்பொருள் 33ஐத் தானாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 5: வாட்டர் சாச்சுரேஷன்

துளைகளில் எத்தனை பங்கு நீர், எத்தனை பங்கு எண்ணெய் என்று கணக்கிட ஆர்ச்சி 1942இல் வெளியிட்ட சமன்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் எம் (m) என்று ஓர் அடுக்கெண் உண்டு. மின்சாரம் துளைகள் வழியாக எவ்வளவு வளைந்து நெளிந்து போக வேண்டியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. மணற்பாறையில் 2 போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இங்கே முடியாது.

கணக்காகவே பார்ப்போம். போரோசிட்டி 20 சதவீதம், நீரின் மின்தடை 0.02 ஓம்-மீட்டர், பாறையின் மின்தடை 8. மற்ற மாறிலிகள் வழக்கம் போல: ஏ (a) என்பது 1, என் (n) என்பது 2. எம் 2 என்றால் நீர் 25 சதவீதம்; துளையில் முக்கால் பங்கு எண்ணெய், யாரும் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். எம் 3 என்றால் நீர் 56 சதவீதம். அதே ஆழப் பகுதி சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. லாக்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

தனித்தனி அச்சுக்குழிகள் நிறைந்த கல்லில் எம் 3ஐத் தொடும், அதைத் தாண்டியும் போகும். விரிசல் நிறைந்த கல்லில் மின்சாரம் நேராக ஓடுவதால் 2க்குக் கீழே இறங்கும். படி 3இல் துளையின் வகையை எழுதி வைத்தீர்கள் அல்லவா, அதை இங்கே எடுத்துப் பாருங்கள். துளை வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோரில் எம் அளக்கச் சொல்லுங்கள். வயல் முழுவதற்கும் ஒரே எம் போட்ட அறிக்கை கைக்கு வந்தால், அதில் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

பாறை நீரை விரும்புகிறதா எண்ணெயை விரும்புகிறதா என்பதும் சமன்பாட்டின் என் (n) மதிப்பைப் பாதிக்கும். பல கார்பனேட்டுகள் எண்ணெயை விரும்பும் பக்கம் சாய்ந்திருக்கும், அப்போது அந்த n 2ஐவிடக் கூடுதல். கழுவாத கோரின் புதிதாக உடைத்த முகத்தில் ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். பரவி உள்ளே இறங்கினால் ஒரு வகை, முத்துப் போல உருண்டு நின்றால் இன்னொரு வகை. கறாரான அளவீடு இல்லைதான். ஆனால் ஆய்வகத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

படி 6: பாறைகளைக் குழுக்களாகப் பிரியுங்கள்

எல்லாக் கோர் துண்டுகளையும் போரோசிட்டிக்கு எதிராகப் பெர்மியபிலிட்டி வரைபடத்தில் போட்டால் புள்ளிகள் மேகம் போலச் சிதறும். அதன் நடுவே ஒரே கோடு இழுக்காதீர்கள். வின்லண்ட் சமன்பாடு கொண்டு ஒவ்வொரு துண்டுக்கும் துளைக்கழுத்தின் (துளைகளை இணைக்கும் குறுகிய வழி) ஆரத்தைக் கணக்கிடுங்கள். நாம் தொடங்கிய இரண்டு துண்டுகளையே எடுங்கள்: 0.5 மில்லிடார்சி துண்டுக்கு 0.27 மைக்ரான், 400 துண்டுக்குக் கிட்டத்தட்ட 14 மைக்ரான். போரோசிட்டியில் இரட்டையராக இருந்தவை இங்கே தெளிவாகப் பிரிந்துவிடும். ஒத்த ஆரம் உள்ளவற்றை ஒரு குழுவாக்கி, ஒவ்வொரு குழுவிலும் பாதரசத்தைத் துளைகளுக்குள் அழுத்திச் செலுத்தும் சோதனையால் சரிபாருங்கள். நான்கு அல்லது ஐந்து குழுக்கள் போதும். பன்னிரண்டு குழு பிரித்தால் லாக்கில் அவற்றை அடையாளம் காண முடியாது.

படி 7: விரிசல்

இதில் எளிய கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு ஒன்று வீதம், 0.1 மில்லிமீட்டர் அகலத்தில் விரிசல்கள் இருப்பதாகக் கொள்வோம். அவை தரும் போரோசிட்டி 0.01 சதவீதம், எந்தப் போரோசிட்டி லாக்கும் அதைப் பார்க்காது. ஆனால் அவை விரிசலின் திசையில் தரும் பெர்மியபிலிட்டி சுமார் 84 மில்லிடார்சி. அகலம் இரண்டு மடங்கானால் அது எட்டு மடங்காகும். கையில் கிடைத்த கல் கெட்டியாக இருந்தும் கிணறு கொட்டோ கொட்டென்று கொட்டுவதன் ரகசியம் இதுதான்.

இமேஜ் லாக்கில் (கிணற்றுச் சுவரின் படம்) இயற்கை விரிசல்கள் சைன் அலை போலத் தெரியும். கிணற்றுச் சுவரில் எதிரெதிர்ப் பக்கங்களில் நேர்க்கோடாக இறங்குபவை பெரும்பாலும் துளையிடும்போது உண்டானவை. அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். செங்குத்துக் கிணறு செங்குத்து விரிசல்களை அரிதாகவே வெட்டும் என்பதால், இரண்டுதான் தெரிகிறது என்றால் பாறையிலும் இரண்டுதான் என்று நினைக்க வேண்டாம்.

உறுதி செய்வது கிணற்றுச் சோதனைதான். கோரின் பெர்மியபிலிட்டியைத் தடிமனால் பெருக்கி வைத்துக்கொண்டு, அழுத்த மீட்சிச் சோதனை (கிணற்றை மூடி அழுத்தம் ஏறுவதைப் பதிவது) தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். சோதனை எண் பல மடங்கு பெரிதாக இருந்தால் விரிசலோ இணைந்த பொந்துகளோ வேலை செய்கின்றன. வாரன், ரூட் இருவரும் 1963இல் விளக்கிய இரட்டைத் துளை நடத்தை, அழுத்த வரைபடத்தின் டெரிவேட்டிவ் (மாறும் வீதம்) கோட்டில் ஒரு பள்ளமாகத் தெரியும்: முதலில் விரிசல் தருகிறது, பிறகு பாறை அதற்கு ஊட்டத் தொடங்குகிறது. சோதனையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் அந்தப் பள்ளத்தின் மறுகரை பதிவாகாது.

உற்பத்தியில் ஓட்டமானி லாக் ஓட்டிப் பாருங்கள். 150 அடி திறந்துவிட்டிருந்தாலும் ஓட்டத்தின் பெரும்பகுதி நாலைந்து அடியிலிருந்தே வருவது கார்பனேட்டில் சாதாரணம். பின்னாளில் நீரும் அந்த வழியாகத்தான் முதலில் வந்து சேரும்.

சாக் பாறையில் இன்னொன்றையும் அளக்க வேண்டும்: கல் எவ்வளவு நசுங்கும் என்பது. எகோஃபிஸ்க்கில் 30 சதவீதத்துக்கும் மேல் போரோசிட்டி கொண்ட சாக் பாறை, அழுத்தம் குறையக் குறைய நசுங்கியது. கடற்தரை இறங்கி, 1987இல் எண்ணெய் மேடைகளையே 6 மீட்டர் உயர்த்த வேண்டி வந்தது.

படி 8: கொள்ளளவும், அடுத்த கிணறும்

கொள்ளளவுக் கணக்கில் பரப்பு, தடிமன், போரோசிட்டி, எண்ணெய்ப் பங்கு இவற்றைப் பெருக்குவது எல்லாப் பாறைக்கும் பொது. இங்கே கவனம் தேவைப்படுவது கட்-ஆஃப் எண். போரோசிட்டி 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்று வயல் முழுவதற்கும் கோடு போட்டால், ஓடக்கூடிய டோலமைட்டை விட்டுவிட்டு ஓடாத அச்சுக்குழிப் பாறையைச் சேர்த்துக்கொள்வீர்கள். குழுவுக்குக் குழு தனி எல்லை வையுங்கள். குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று விடை கொடுங்கள். எம் மதிப்பை மட்டும் மாற்றி ஒருமுறை, கட்-ஆஃபை மட்டும் மாற்றி ஒருமுறை ஓட்டினாலே எது அதிகம் ஆட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம், எது அதிகம் ஆட்டுகிறதோ அதற்கான தரவை அடுத்த கிணற்றில் கேளுங்கள். எம் என்றால் கோர். விரிசல் என்றால் இமேஜ் லாக்கும் நீண்ட அழுத்த மீட்சிச் சோதனையும். கல்லின் வகை என்றால் பிரித்துக் காட்டும் காமா ரே. கோர் கேட்டால், ஒவ்வொரு பாறைக் குழுவிலிருந்தும் ஒரு துண்டையாவது கழுவாமல், காற்றுப் படாமல், துளையிடும் தளத்திலேயே மெழுகிட்டு அடைத்து அனுப்பச் சொல்லி வேலைத்திட்டத்தில் எழுதிவிடுங்கள். மேலே வந்த அரைமணி நேரத்துக்குள் அது அடைபட்டிருக்க வேண்டும். காய்ந்த கல்லில் நீர்த்துளிச் சோதனை வேறு விடை சொல்லும்.